பிள்ளை பிறக்க நாள் குறிக்கலாமா?

2025-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ளுஹர் ஜமாஅத் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஓர் இளைஞர் மட்டும் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்ப்பவர். சொந்த ஊர் பழவேற்காடு. வாரம் விட்டு வாரம் இரவு ஷிப்டு என்பதால், சில நாட்களில் வேலை உடுப்போடேயே சுப்ஹுத் தொழுகைக்கு வந்து நிற்பார். அதிகம் பேசாத மனிதர். அன்று என்னிடம் வந்து ஸலாம் சொல்லி, மடித்து வைத்திருந்த ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார்.

"ஹஜ்ரத், என் வீட்டில் இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையும் ஆபரேஷன்தான். இதையும் 20-ஆம் தேதி புதன்கிழமை ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஒடுக்கத்துப் புதன். உம்மா ஒரே பிடியாக நிற்கிறார்கள். ஸஃபர் கழியட்டும், 25-ஆம் தேதிக்கு மேல் வை. முடிந்தால் மீலாதுக்கே தள்ளி வை என்கிறார்கள். மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது?"

அந்த உம்மாவின் முதல் பிள்ளை ஒரு ஸஃபர் மாதத்தில்தான் பிறந்ததாம். இரண்டே நாளில் மவ்த்தாகிவிட்டதாம். இதையும் அவரே சொன்னார்.

பதில் எனக்குத் தெரியாமலில்லை. ஸஃபரில் பீடை என்று ஒன்றும் கிடையாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துரைத்த ஹதீஸ் புகாரி ஷரீஃபில் இருக்கிறது. மத்ரஸாவில் இரண்டு மூன்று வருஷம் ஓதிய பிள்ளைகூட அதைச் சொல்லிவிடும். ஆயினும் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இது ஏதோ ஒரு வீட்டில் எழுந்த பிரச்சினை என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். 2019 முதல் 2021 வரை மத்திய அரசு நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 64. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 36. இந்தியா முழுவதற்கும் கணக்கிட்டால் 21 அல்லது 22 தான். அதற்கு முந்தைய ஆய்வில், அதாவது 2015-16-இல், நமது மாநிலத்தின் கணக்கு 34-ஆக இருந்தது. பத்து முதல் பதினைந்துக்கு மேற்படுவதற்கு எந்த வட்டாரத்திலும் நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985-இல் கூறியது; பின்னர் 2015-இல், ஓர் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, தேவைப்படும் பெண்ணுக்கு அது கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றது. எது எப்படியானாலும், நம் மஹல்லாவில் பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்த வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் வலி வருவதற்கு முன்பே, முன்கூட்டிக் குறித்த நாளில் பிறக்கிறார்கள். நாளை மனிதன் குறிக்கிறான் என்று வந்துவிட்டால், எந்த நாள் என்ற கேள்வி வந்தே தீரும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் ராகு காலம், எமகண்டம் தவிர்த்து முகூர்த்தம் கேட்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதியன்று பிள்ளை பெற வேண்டுமென்று பலர் டாக்டர்களிடம் கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 12-12-12 என்று எண் அழகாக அமைகிறதாம்! நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். நம்மிடம் வெள்ளிக்கிழமை இருக்கிறது, மீலாது இருக்கிறது, இருபத்தேழாம் கிழமை இருக்கிறது, கூடவே ஒடுக்கத்துப் புதனும் இருக்கிறது.

முதலில், டாக்டர்கள் தேதி சொல்வதே அல்லாஹ்வின் மறைவான ஞானத்தில் கைவைப்பதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். கர்ப்பப்பைகளில் உள்ளதை அல்லாஹ்வே அறிகிறான் என்று சூரா லுக்மானின் இறுதி ஆயத்தில் கூறப்பட்டிருக்கிறதே என்பது அவர்கள் வாதம். இதற்குப் பதில் கூறுமுன், அந்தத் தேதி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் என்பது கணக்கு. அந்த முதல் நாளோடு ஏழு நாட்களைக் கூட்டி, மூன்று மாதம் பின்னால் தள்ளி, அடுத்த வருஷத்தில் பார்த்தால் அந்தத் தேதி வரும். நேகலே என்ற ஜெர்மன் வைத்தியரின் பெயரால் இன்றும் இந்த வழி நடைமுறையில் இருக்கிறது. நம் பெண்கள் பத்து மாதம் சுமந்ததாகச் சொல்வதும் இதே கணக்குத்தான். 28 நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280. ஆனால் மாதவிடாய் எல்லாப் பெண்களுக்கும் ஒரே சீராக வருவதில்லை. ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து, சிசுவின் தலையுச்சி முதல் பிட்டம் வரை உள்ள நீளத்தை அளந்து, வயதைத் தீர்மானிக்கிறார்கள். அந்த அளவு ஒரு வாரத்துக்கு மேல் பிசகுவது அரிது. பின்மாதங்களில் எடுக்கும் ஸ்கேனோ இரண்டு மூன்று வாரம்கூட முன்பின்னாகப் போய்விடும். இவ்வளவு செய்தும், சொன்ன தேதியிலேயே தானாகப் பிறக்கிற பிள்ளை இருபதில் ஒன்றுதான்.

ஆக, டாக்டர் சொல்வது இல்முல் கைப் அல்ல. ஃபிக்ஹு கிதாபுகளில் 'மிகைத்த எண்ணம்' என்று சொல்கிறோமே, அதுதான். வனாந்தரத்தில் கிப்லாத் திசை தெரியாதவன் நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு திசையைத் தீர்மானித்துத் தொழுகிறான். அதன்மேல் அமல் செய்ய ஷரீஅத் அவனுக்கு அனுமதியளிப்பது மட்டுமல்ல, அதையே கடமையாக்குகிறது. அவன் மறைவானதை அறிந்துகொண்டதாக யாரும் சொல்வதில்லை. மேற்படி கணக்கும் அவ்வாறே.

கத்ருடைய விஷயமும் அப்படித்தான். ஆபரேஷன் செய்து முன்னதாக எடுத்தால் அல்லாஹ் நிர்ணயித்த தவணையை நாம் மாற்றிவிட்டோமா? ஷாம் நாட்டில் அம்வாஸ் என்னும் கொள்ளை நோய் பரவியபோது, உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்க, அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ரை நோக்கியே போகிறோம் என்று உமர் (ரலி) பதில் தந்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு கரை செழித்தும் மறுகரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தைச் செழித்த கரையில் மேய்ப்பதும் கத்ர்தான், வறண்ட கரையில் மேய்ப்பதும் கத்ர்தான் என்று உதாரணமும் சொன்னார்கள். எந்தக் கரையில் மேய்த்தோம் என்ற கேள்விக்கு மேய்ப்பவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது நம் இமாம்களுக்குப் புதிய விஷயமுமல்ல. கர்ப்பிணி இறந்து, வயிற்றில் பிள்ளை உயிரோடு அசைந்தால் கீறி எடுக்க வேண்டும் என்று ஹனஃபீ கிதாபுகளில் இருக்கிறது. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அப்படி ஒரு பிள்ளையை எடுக்கச் சொன்னதாகவும் கூறப்பட்டுள்ளது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் ஷாஃபிஈ மத்ஹபிலும் அதுவே சட்டம். ஹன்பலீ இமாம்களில் பலர் கூடாது என்றனர். அல்பீரூனீயின் வரலாற்று நூலொன்றுக்கு 1307-இல் எழுதப்பட்ட பிரதி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் இத்தகைய பிரசவத்தைக் காட்டும் ஓவியமே உண்டு. உயிரோடிருக்கும் தாயை, அவளுக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்று நம்பகமான வைத்தியர் சொல்லும்போது கீறுவது ஆகுமானது என்பதில் இன்றைய உலமாக்களிடையே தகராறு இல்லை. ஆகவே அதை நீட்ட வேண்டியதில்லை. தேவையேயில்லாமல், வலிக்குப் பயந்தோ வசதிக்காகவோ பில்லுக்காகவோ கீறுவது வேறு விஷயம்; அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.

இனி, நான் பேசாமலிருந்த காரணத்துக்கு வருகிறேன்.

2017-ஆம் ஆண்டு என் வீட்டில் முதல் பிரசவம். அப்போது நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். பிள்ளை கடைசி வரையில் தலை திரும்பாமல் உட்கார்ந்த நிலையிலேயே இருந்ததால் ஆபரேஷன்தான் என்று முடிவாயிற்று. மாதவிடாய்க் கணக்கின்படி ஜூலை 2-ஆம் தேதி. எட்டாவது வாரத்தில் எடுத்த ஸ்கேன்படி ஜூலை 10. மாதவிடாய் சீராக வருவதில்லை என்பதால் ஸ்கேன் கணக்கையே எடுத்துக்கொண்டு, 39 வாரம் நிறையட்டும், ஜூலை 3-ஆம் தேதி செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள்.

அவ்வருஷம் மே 28-ஆம் தேதி ரமழான் முதல் நோன்பு. பிறை தெரிந்த இரவே நான் காலண்டரைப் பார்த்தேன். இருபத்தேழு எண்ணிப் பார்த்தால் ஜூன் 23, வெள்ளிக்கிழமை! இருபத்தேழாம் நாளும் ஜும்ஆவும் ஒன்றாக வருகின்றன. எனக்குள் ஓர் ஆசை பிறந்துவிட்டது. இமாமுடைய வீட்டில், தலைப்பிள்ளை, லைலத்துல் கத்ரை ஒட்டி, ஜும்ஆ நாளில்! ஜமாஅத்தாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். டாக்டரம்மாவிடம் போய் வாதிட்டேன். மாதவிடாய்க் கணக்கை எடுத்தால் அன்றைக்கு 38 வாரம் 5 நாள் ஆகிவிடுகிறதே, இரண்டு நாள்தானே குறைகிறது என்றேன். ஸ்கேன் கணக்கில் அது 37 வாரம் 4 நாள் என்று அவர்கள் சொன்னார்கள். நான் விடவில்லை. மத்ரஸாவில் பஹ்ஸு பண்ணிப் பழகிய நாவு அல்லவா! கடைசியில் எங்கள் விருப்பத்தின் பேரில் என்று எழுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை.

என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "பிள்ளைக்கு நாள் நிறையட்டுமே." நான் அதை ஈமானில் குறைவு என்று நினைத்தேன்.

22-ஆம் தேதி வியாழன் இரவு முழுவதும் பள்ளியில் லைலத்துல் கத்ரின் சிறப்பைப் பற்றிப் பயான் செய்தேன். காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். பெண் பிள்ளை. காதில் பாங்கு சொல்லி முடிப்பதற்குள் பிள்ளையின் மூச்சு வேகமாகிவிட்டது. விலா உள்ளே போய்ப் போய் வந்தது. நுரையீரலில் நீர் வற்றவில்லை, ஆக்ஸிஜன் வேண்டும், சென்னைக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஜும்ஆவுக்கு வேறொருவரை நிறுத்திவிட்டு, நோன்போடு ஆம்புலன்ஸில் போனேன். தாய் ஓர் ஊரில், பிள்ளை ஓர் ஊரில். 26-ஆம் தேதி திங்கட்கிழமை பெருநாள் தொழுகை முடிந்து நான் நின்றது, பிள்ளையைக் கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டிய ஒரு வராந்தாவில். 28-ஆம் தேதி புதன்கிழமை பிள்ளையைக் கொடுத்தார்கள். அந்த ஐந்து நாளும் என் மனைவி கீறிய வயிற்றோடும் பால் கட்டிய மார்போடும் படுத்திருந்தாள். அல்லாஹ்வின் கிருபையால் அந்தப் பிள்ளை இன்று நலமாகப் பள்ளிக்கூடம் போகிறாள். சொந்தக்காரர்கள் இன்றும் அவளை 'இருபத்தேழாம் கிழமைப் பிள்ளை' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பிறகுதான் இதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். கடைசி வாரங்களில்தான் சிசுவின் நுரையீரல் காற்றைத் தாங்குவதற்குப் பக்குவமடைகிறது. பிரசவ வேதனை தொடங்கும்போது சுரக்கும் சுரப்பிகளின் வேலையால் நுரையீரலில் தேங்கிய நீர் உறிஞ்சப்படுகிறது. வலி வருமுன் எடுக்கும் பிள்ளைக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. ஆகவேதான் 39 வாரம் நிறையட்டும் என்கிறார்கள். அமெரிக்காவில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய ஆபரேஷன்களை ஆராய்ந்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 39 வாரத்துக்கு முன்பே செய்யப்பட்டவை. 37-ஆவது வாரத்தில் எடுத்த பிள்ளைகளுக்கே தொல்லை அதிகம், 38-இல் குறைவு, 39-இல் இன்னும் குறைவு. ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குச் சேர வேண்டிய பங்கு. நான் அதில் பத்து நாளைப் பறித்துவிட்டேன்.

என்னை அதிகம் உறுத்தியது இது. ஹமல் காலத்தைப் பற்றி ஃபிக்ஹில் நாங்கள் ஓதுகிறோம். குறைந்த அளவு ஆறு மாதம். சுமப்பதும் பால்குடி மறப்பதும் முப்பது மாதம் என்று ஓர் ஆயத்திலும், பால்குடி இரண்டு வருஷம் என்று வேறோர் ஆயத்திலும் வருவதால், முப்பதில் இருபத்து நான்கு போக ஆறு என்று அலீ (ரலி) அவர்கள் கணக்கிட்டார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் பற்றியும் அப்படி அறிவிப்பு உண்டு. ஆறாம் மாதத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண்மீது பழி விழ இருந்தபோது சொல்லப்பட்ட கணக்கு அது. அதனால் அந்தத் தாயின் மானமும் பிள்ளையின் வமிசமும் காப்பாற்றப்பட்டன. அதிகபட்சம் ஹனஃபீ மத்ஹபில் இரண்டு வருஷம், ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு வருஷம். இன்றைய வைத்தியம் இதை ஒப்பாது. அக்காலத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்டு இமாம்கள் வைத்த எல்லை அது. ஆனால் அதன் போக்கைப் பாருங்கள்: கணக்கில் சந்தேகம் வந்தபோதெல்லாம் அந்தச் சந்தேகத்தைப் பிள்ளையின் பக்கமே சாய்த்தார்கள். எனக்கு முன்னாலும் இரண்டு கணக்கு இருந்தது. எட்டு நாள் சந்தேகம். நான் அதைப் பிள்ளைக்கு எதிராகச் சாய்த்தேன்.

முஸ்லிம் ஷரீஃபில் காமிதிய்யா கோத்திரத்துப் பெண்ணுடைய ஹதீஸ் இருக்கிறது. தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் கேட்டார். கர்ப்பிணி என்று தெரிந்ததும், பிள்ளை பெறும்வரை போய் வா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். பெற்று எடுத்துக்கொண்டு வந்தபோது, பால்குடி மறக்கும்வரை என்று மறுபடியும் அனுப்பினார்கள். அல்லாஹ் விதித்த ஹத்தே ஒரு சிசுவின் நாள் நிறையும்வரை காத்திருந்தது. ஒரு மையித்தின் சொத்தைப் பங்கு வைக்கும்போது, கர்ப்பத்திலிருக்கும் பிள்ளைக்கென ஒரு பங்கை எடுத்து வைக்கிறோம். வயிற்றுப் பிள்ளைக்காகத் தாயின் ரமழான் நோன்பே தள்ளிப்போகிறது. இத்தனைக்கும் காத்திருக்கும் ஷரீஅத்தில், என் இருபத்தேழாம் நாள் மட்டும் காத்திருக்கவில்லை.

அதுவும் எந்த நாள்? லைலத்துல் கத்ர் இன்ன இரவு என்று அறிவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே வந்தபோது, இருவர் சச்சரவிட்டதால் அந்த ஞாபகம் உயர்த்தப்பட்டுவிட்டது; கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் தேடும்படி கூறினார்கள். அல்லாஹ் மறைத்து வைத்த இரவைக் காலண்டரில் வட்டமிட்டேன். போதாக்குறைக்கு, நமக்கு நாள் மஃரிபில் தொடங்குகிறது. பிள்ளை பிறந்த காலை ஒன்பது மணிக்கு அந்த இரவு முடிந்து நாலைந்து மணி நேரமாகியிருந்தது! ஆலிம் என்று பெயர் வைத்துக்கொண்டு இதுகூட எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடத்தில் ஒரு சந்தேகம் எழலாம். நாட்களுக்குச் சிறப்பே இல்லையா? இருக்கிறது. திங்கட்கிழமை நோன்பு பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதும் ஹதீஸில் உண்டு. ஆனால் அது, அல்லாஹ் கொடுத்த நாளுக்கு நோன்பு நோற்று நன்றி செலுத்தியது. இன்ன கிழமையில் பிறந்த பிள்ளைக்கு இன்ன சிறப்பு என்று எந்த ஹதீஸிலும் நான் பார்த்ததில்லை. யஹ்யா (அலை) அவர்கள் பிறந்த நாளின்மீதும், ஈஸா (அலை) அவர்கள் பிறந்த நாளின்மீதும் ஸலாம் உண்டாகுவதாகத் திருமறையில் சூரா மர்யமில் வருகிறது. அது என்ன நாள் என்று சொல்லப்படவில்லை. வெள்ளிக்கிழமை மவ்த்தாவதன் சிறப்பைப் பற்றித் திர்மிதீயில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதற்காக யாரும் முன்கூட்டித் தேதி வாங்கி வைப்பதாகத் தெரியவில்லை.

கெட்ட நாள் விஷயத்தில் இன்னும் தெளிவு உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடைய அருமைப் பிள்ளை இப்ராஹீம் (ரலி) மவ்த்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. பிள்ளையின் மரணத்துக்காகத்தான் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். யாருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகளார் அதை மறுத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அன்றே, அந்தத் துக்கத்தோடேயே மறுத்தார்கள்.

அப்படியானால் நாளைத் தேர்ந்தெடுப்பதே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். 39 வாரம் நிறைந்து, இந்த மூன்று நாளில் எது வேண்டுமானாலும் சரி என்று வைத்தியர் சொன்னால், அதில் ஒன்று வெள்ளிக்கிழமையாக இருந்து மனம் அதில் நிம்மதி அடைந்தால், எடுத்துக்கொள்வதில் தவறு என்ன? முபாஹ் தான். இஸ்திகாரா செய்யட்டும். அதைவிட நல்ல காரணங்களும் இருக்கின்றன. சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்ப்பவனுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி. பேறுகாலத்துக்குத் துணையிருக்க ஊரிலிருந்து தாய் வந்து சேர வேண்டும். இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சிறிய நர்சிங் ஹோம்களுக்கு வாரத்தில் சில நாட்கள்தான் வருகிறார். வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சட்டப்படி கிடைக்கும் 26 வார விடுப்பில், எதிர்பார்க்கும் தேதிக்கு முன்னால் எட்டு வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. அங்கேயும் இந்தத் தேதிதான் கணக்கு. இவற்றையெல்லாம் எண்ணி நாள் குறிப்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதைச் சேர்ந்தது. ஒரு தொழிலாளி தன் ஷிப்டை எண்ணி நாள் கேட்பதில், நான் இருபத்தேழாம் கிழமையை எண்ணி நாள் கேட்டதைவிட நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தங்களுடைய ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்காகப் பிள்ளையின் நாளைக் குறைக்கிற டாக்டர்கள் இருந்தால், அவர்களுக்கும் இதே கேள்விதான்.

சரி, அந்த இளைஞரிடம் வருவோம். ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முதல் மூன்று மாத ஸ்கேன்படி 40 வாரம் நிறைவது ஆகஸ்ட் 27. 39 வாரம் 20-ஆம் தேதி. 25-ஆம் தேதி என்றால் ஐந்து நாள்தான் வித்தியாசம். மீலாது அவ்வருஷம் செப்டம்பர் 5. அது பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 25? ஒரு வயதான தாயின் மனம் குளிர ஐந்து நாள் பொறுத்தால் என்ன என்று எனக்கே தோன்றிற்று. டாக்டரம்மாவிடம் கேட்கச் சொன்னேன். முதல் ஆபரேஷனின் தழும்பு கர்ப்பப்பையில் இருக்கிறது. வலி எடுத்துவிட்டால் அது பிரியும் அபாயம் உண்டு. நடுராத்திரியில் வலி எடுத்தால் எங்கே ஓடுவீர்கள் என்று அவர்கள் கேட்டார்களாம்.

"உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள், தம்பி?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்கவில்லை. என்னைப் போலவே. அன்று மாலை கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "டாக்டரம்மா சொன்ன நாளே போதும் என்கிறாள், ஹஜ்ரத். ராத்திரியில் தூக்கமே இல்லையாம்."

மறுநாள் அஸருக்குப் பின் அவருடைய வீட்டுக்குப் போனேன். உம்மா திரைக்கு அப்பாலிருந்து பேசினார்கள். பழவேற்காடு சின்னப் பள்ளிவாசலில் உள்ள நிழற்கடிகாரத்தை நினைவூட்டினேன். நிழல் விழுந்தால் ளுஹர் வந்ததும் அஸர் வந்ததும் தெரியும். அது நல்ல நேரம் கெட்ட நேரம் சொல்லாதே உம்மா என்றேன். "ஓதினவர்கள் அப்படித்தான் சொல்லுவீர்கள் ஹஜ்ரத். பறிகொடுத்தவளுக்குத்தானே தெரியும்" என்றார்கள். எனக்கு வாயடைத்துவிட்டது. ஹதீஸைச் சொன்னேன், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். வேறு வழியில்லாமல் என் மகள் பிறந்த கதையைச் சொன்னேன். இதுவரை நான் எந்த ஜமாஅத்தாரிடமும் சொன்னதில்லை.

திரைக்கு அப்பால் வெகுநேரம் சப்தமில்லை. பிறகு, "இருபத்தேழாம் கிழமையில் பிறந்த பிள்ளைக்கா மூச்சுத் திணறினது?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "அதுவும் ஜும்ஆவிலா?" ஆமாம் என்றேன். "அப்படியானால் என் பிள்ளை போனதற்கு ஸஃபர் என்ன செய்யும்?" என்றார்கள். அதை என்னிடம் கேட்டார்களா, தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

20-ஆம் தேதி புதன்கிழமை பகலில் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் சுகம். சுகமாகப் பிறந்ததால் நான் சொன்னது சரி என்று ஆகிவிடாது. ஏதாவது நடந்திருந்தால் ஒடுக்கத்துப் புதன் என்று ஊர் சொல்லியிருக்கும், அதனால் நான் சொன்னது தவறாகியுமிராது. மூன்றாம் நாள் அந்த இளைஞர் இரவு ஷிப்டு முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். அகீகாவுக்கு ஏழாம் நாளை எப்படி எண்ணுவது என்று உம்மா கேட்டு வரச் சொன்னார்களாம். பகலில் பிறந்ததால் பிறந்த நாளையும் சேர்த்து எண்ணச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார், 26-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வந்தது. திங்கட்கிழமையே ரபீஉல் அவ்வல் முதல் பிறை.

"உம்மாவிடம் சொல்கிறேன் ஹஜ்ரத், அகீகாவாவது ஸஃபரில் இல்லை என்று" எனச் சிரித்துக்கொண்டே போனார்.